கிருஷ்ணன்கோவில் சாலையில் ஒரு முதல் நிரல்

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்பவர்கள், ஊர் வருவதற்குச் சற்று முன்பாகக் கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். முதுகில் பை, கையில் சுருட்டிய வரைதாள், கழுத்தில் அடையாள அட்டை. மேற்கே மலைத்தொடர் நீலமாய்க் கிடக்கும். இறங்குகிறவர்களில் யாருக்கும் அதைத் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. அன்றைக்குச் செய்முறைத் தேர்வு என்றால் உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். பெருமாள் கோயிலுக்குப் போகும் பக்தர்களும் அதே பேருந்தில் உதடசைத்துக்கொண்டுதான் வருவார்கள். முன்னவர் மனத்துள் சொல்லிப் பார்ப்பது சி மொழியில் எழுதப்பட்ட நிரல். பின்னவர் சொல்வது பாசுரம். இரண்டும் மனப்பாடம்தான்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் பொறியியல் கல்லூரியின் முதலாண்டுக் கணினிப் பாடத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாம் இதை ஒரு மொழிப் பாடமாகவே பார்க்கிறோம். பதினெட்டு வயதில், வீட்டை விட்டு வந்து, முன்பின் அறியாத ஒரு மொழியின் இலக்கணத்தை ஐந்தே மாதத்தில் கற்றுத் தேர்வெழுத வேண்டும் என்று நம் சமூகம் பல லட்சம் பிள்ளைகளைக் கடந்த நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது. அதில் அரைப்புள்ளி ஒன்று விடுபட்டாலும் வாக்கியம் செல்லாது. நன்னூலார்கூட இத்தனை கடுமை காட்டியதில்லை. இந்த அனுபவத்தைப் பற்றித் தமிழில் யாரும் பொருட்படுத்தி எழுதியதாக நம் கண்ணில் படவில்லை. ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் நண்பர்களில் இருவர் அந்தப் பக்கத்துக்காரர்கள் என்பதுதான். அவர்கள் சொன்னதையும் நாம் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஆண்டு. 1984 என்பது தமிழ்நாட்டுத் தொழிற்கல்வி வரலாற்றில் ஒரு கோடு. எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது அப்போதுதான். அந்த முதல் அலையிலேயே கிருஷ்ணன்கோவிலில் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி எழுந்தது. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும் அதே ஆண்டில் வந்தது. அன்றைக்கு இந்த ஊர்களெல்லாம் ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டம் பிரிக்கப்பட்டது 1985 மார்ச்சில். கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. அதே 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மானாவாரிப் பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு கல்லூரி எழுந்ததும், தில்லியில் கணினிக்குக் கதவு திறந்ததும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலின் மீதுதான் பல குடும்பங்களின் பிற்கால வரலாறு எழுதப்பட்டது.

ராஜபாளையத்தின் கதை வேறு மாதிரி. அங்கே இயந்திரம் முன்பே வந்துவிட்டது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், ஊரை நூற்பாலைகளின் ஊராக்கியது. அவர் பெயரில் பாலிடெக்னிக் 1963இல் வந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் இரவு பகலாக ஓடும் சத்தம், அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தாலாட்டு. ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே, மீண்டும் மேலே. கணினியாளர்கள் 'லூப்' என்று சொல்லும் சுழற்சியை அந்த ஊர்ப் பிள்ளைகள் காதால் முதலில் கற்றிருக்கிறார்கள் என்று நம் நண்பர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைக்குள் உண்மை இருக்கிறது. 1804இல் பிரான்சில் ஜக்கார்ட் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை நெய்யும் வழியைக் கண்டார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் அந்த அட்டையைத்தான் தம் கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டார். ஹொல்லரித் 1890இன் அமெரிக்கக் குடிமதிப்புக்கு அட்டைகளைப் பயன்படுத்தினார். அங்கிருந்து ஐபிஎம் நிறுவனத்தின் எண்பது கட்ட அட்டை. அதில்தான் நம் நாட்டுப் பொறியியல் மாணவர்களின் முதல் தலைமுறை நிரல் எழுதியது.

அந்தத் தலைமுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்; இன்றைய மாணவர்களுக்கு அது நம்ப முடியாத கதை. கான்பூர் ஐஐடியில் 1963 ஆகஸ்டில் ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. அங்கே ஃபோர்ட்ரான் மொழியைக் கற்பித்தவர்களில் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். வகுப்புக்கென்று அவர் தயாரித்த குறிப்புகள் 1969இல் நூலாக வந்தன. மாணவன் வாங்கக்கூடிய குறைந்த விலையில் வர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பின்னர் இந்தியா முழுவதும் கணினி கற்றவர்களில் அவருடைய ஏதாவதொரு நூலைத் தொடாதவர்கள் குறைவு. சென்னை ஐஐடிக்கு ஜெர்மானிய உதவியுடன் பெரிய ஐபிஎம் 370 கணினி 1973இல் வந்தது.

ஃபோர்ட்ரான் 1957இல் ஜான் பேக்கஸ் குழுவினர் ஐபிஎம்மில் உருவாக்கிய மொழி. அதில் எழுதுவதற்கு யாப்பு தெரிய வேண்டும் என்று சொன்னால் மிகையில்லை. அட்டையின் முதல் ஐந்து கட்டங்கள் வரி எண்ணுக்கு. ஆறாவது கட்டம், மேல்வரியின் தொடர்ச்சி என்பதைக் காட்ட. வாக்கியம் ஏழாவது கட்டத்தில் தொடங்கி எழுபத்திரண்டாவதற்குள் முடிய வேண்டும். ஆறாவது கட்டத்தில் தவறிப் போய் ஓரெழுத்து விழுந்தால் பொருள் மாறிவிடும். சீர் கெட்டால் வெண்பா வெண்பா அல்ல என்பதைப் போல. ஐ முதல் என் வரையிலான எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள், வேறு விதமாக அறிவிக்கப்படாவிட்டால், முழு எண்களைக் குறிக்கும். மற்றவை பின்னங்களையும் ஏற்கும். எழுத்தின் முதலிடத்தை வைத்துச் சொல்லின் வகையைத் தீர்மானிக்கும் இலக்கணம். மாணவன் தாளில் எழுதி, அட்டையில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கணினி மையத்தின் சாளரத்தில் கொடுத்துவிட்டு வருவான். அச்சிட்ட தாள் மறுநாள் கிடைக்கும். ஒரு காற்புள்ளி தவறென்றால் இன்னொரு நாள். கட்டு கைதவறிக் கீழே விழுந்து அட்டைகள் கலைந்தால் பட்டபாடு சொல்லி மாளாது. இந்தக் காத்திருப்பு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: கொடுப்பதற்கு முன்பு தானே கணினியாக இருந்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, மதிப்புகளைத் தாளில் எழுதிச் சரிபார்ப்பது. பிற்காலத்தில் அந்தப் பழக்கம் காணாமல் போனது. இன்றைக்குத் தவறு உடனே தெரிந்துவிடுகிறது. அதனால் சிந்திப்பதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கிறோம்.

கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரிகள் காலூன்றியபோது அட்டைகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. மேசைக் கணினி வந்தது. குளிரூட்டிய அறை வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கம் வந்தது. இந்தச் செருப்பு விஷயம் தமிழ்நாட்டுக் கணினிக் கல்வியின் முக்கியமான சடங்கு. தூசி ஆகாது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் கோயிலிலும் வீட்டுப் பூசையறையிலும் மட்டுமே காலணியைக் கழற்றி வந்தவன், ஒரு கருவியின் முன்னால் வெறுங்காலோடு நிற்கும்போது அவனுக்குள் என்ன பதிகிறது? தொடலாமா, கெட்டுவிடுமா என்ற பயம். நம் நண்பர் தம் முதல் செய்முறை வகுப்பில் விசைப்பலகையை ஒற்றை விரலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாராம், அடுப்பைத் தொட்டதுபோல. பக்கத்து மேசைப் பெண் சரசரவென்று அடித்துக்கொண்டே போனார். பள்ளி விடுமுறையில் தட்டச்சு நிலையத்துக்குப் போய் லோயர் தேறியவர் அவர். சிறு நகரங்களில் பெண்பிள்ளைகளைத் தட்டச்சுக்கு அனுப்பும் வழக்கம் கணினி ஆய்வகத்தில் அவர்களுக்குக் கொடுத்த முன்னுரிமையைப் பற்றி யாராவது ஆராய வேண்டும்.

சி மொழி 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து எழுதிய நூல் 1978இல் வெளியானது. அதில் உலகத்துக்கு வணக்கம் சொல்லும் சிறிய நிரல்தான் முதல் பாடம். அதன் பின் உலகெங்கும் நிரல் கற்பவன் முதலில் செய்வது அந்த வணக்கத்தைத்தான். நம் பிள்ளைகள் மணலில் 'அ' எழுதுவதைப் போல. நம் கல்லூரிகளில் அந்த நூலைவிடப் புழங்கியவை எ. பாலகுருசாமியின் நூலும், யஷவந்த் கனேத்கரின் நூலும். பாலகுருசாமி பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். பாடநூல் ஆசிரியரே துணைவேந்தராக வந்ததைப் பற்றி அன்றைய மாணவர்களிடையே பல நகைச்சுவைகள் உலவின. அவற்றை இங்கே சொல்வதற்கில்லை.

கருவியாக இருந்தது போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி. முதலில் வந்தது 1987இல். நீலத்திரையும் மஞ்சள் எழுத்தும். ஒரு தலைமுறைக்குக் கணினி என்றால் அந்த நீலம்தான். அதோடு சில மந்திரச் சொற்களும் வந்தன. 'வாய்ட் மெயின்' என்று தொடங்க வேண்டும். 'கிளியர் ஸ்க்ரீன்' என்று திரையைத் துடைக்க வேண்டும். கடைசியில் 'கெட்ச்' என்று முடிக்க வேண்டும். ஏன் கெட்ச்? நிரல் ஓடி முடிந்த நொடியில் விடையைக் காட்டும் திரை மறைந்து நீலத்திரை திரும்பிவிடும். ஏதேனும் ஒரு விசையை அழுத்தும்வரை காத்திரு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இதை யாரும் விளக்கவில்லை; எல்லோரும் எழுதினார்கள். மொழிக்குச் சொந்தமில்லாத, ஒரு குறிப்பிட்ட கருவியின் சௌகரியத்துக்காக வந்த சொல், இலக்கணமாகவே படிந்துவிட்டது. வாய்ட் மெயின் என்பதும் மொழியின் தர வரையறைப்படி சரியில்லை. விண்டோஸ் மாறி, அந்தப் பழைய கருவி நேரடியாக ஓடாமல் போன பிறகும், இன்னொரு மென்பொருளுக்குள் அதை உயிர்ப்பித்துப் பல கல்லூரிகள் ஓட்டிக்கொண்டிருந்தன. பழைய தேரைப் புதிய சக்கரத்தில் ஏற்றி இழுப்பதைப் போல.

பயனரிடமிருந்து ஓர் எண்ணை வாங்கும் கட்டளையில் மாறியின் பெயருக்கு முன்னால் 'அம்பர்சாண்ட்' என்ற குறியைப் போட வேண்டும். அது அந்த மாறி நினைவகத்தில் குடியிருக்கும் முகவரியைக் குறிக்கும். ஆனால் சுட்டிகளைப் பற்றிய பாடம் பருவத்தின் இறுதியில்தான் வரும். ஆகவே முதல் மாதத்தில் மாணவனுக்கு அது பிள்ளையார் சுழி. போட்டால் நடக்கும், போடாவிட்டால் அபத்தமான விடை வரும், அல்லது 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி வந்து நிற்கும். நம் நண்பருக்குச் செய்முறைத் தேர்வில் நேர்ந்தது இதுதான். சீட்டுக் குலுக்கியதில் வந்த கணக்கு, மூன்று எண்களில் பெரியதைக் காண்பது. எளிதிலும் எளிது. நிரலை ஒப்பித்தபடி அடித்தார். அம்பர்சாண்டை விட்டுவிட்டார். விடை தவறாக வந்தது. தருக்கம் சரி என்று அவருக்குத் தெரியும். தாளில் எழுதிக் காட்டவும் முடியும். எங்கே தவறு என்று தேடும் முறை மட்டும் தெரியாது, ஏனென்றால் அந்த நிரல் அவருக்கு ஒரே மூச்சில் சொல்லும் ஒரு செய்யுள். நடுவில் நின்றால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பருவம் அவருக்கு அரியர். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ராஜபாளையத்தைத் தாண்டிச் சங்கரன்கோவில் வரை போய்விட்டார். அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். விசாரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நூல் அறுந்தா எங்க அறுந்ததுன்னு பாக்கச் சொல்லித் தரலியாடா?"

மனப்பாடத்தைப் பழிப்பது எளிது, நாமும் பழித்திருக்கிறோம். வரலாறு கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறது. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் வெளியிட்ட 'காலசங்கலித' நூலில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டுச் சொற்களை முணுமுணுத்தபடியே, அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை ஏறத்தாழ நான்கு நிமிடம். முடிவு நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வானவியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்று வாரன் வியக்கிறார். அறிவியல் வரலாற்றாளர் ஆட்டோ நியூகபவர் 1952இல் இதை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். அந்தக் கணக்கரை நாம் நிரலர் என்பதா, நிரலை ஓட்டிய பொறி என்பதா? படிகள் அவருக்குத் தெரியும். எதற்கு என்பது தெரியாது. நம் மாணவனும் அதே நிலையில்தான் இருந்தான். ஒரு வேறுபாடு: பஞ்சாங்கக் கணக்கரின் மனப்பாடம் பல்லாண்டுப் பயிற்சியில் விரலுக்கும் சோழிக்கும் இறங்கியது. மாணவனுடையது தேர்வுக்கு முந்தைய இரவில் ஏறி, மறுநாள் மாலையில் இறங்கிவிடும்.

திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பிள்ளைகள் ஒப்பித்ததை வெறும் கிளிப்பாடம் என்று காலனிய அதிகாரிகள் ஒதுக்கினார்கள். ஆய்வாளர் செந்தில் பாபு இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தென்னிந்தியக் கணிதத்தையும் சமூகத்தையும் குறித்த அவருடைய நூல் 2022இல் வந்தது. அங்கே நினைவு என்பதே கணக்கிடும் திறனாக, ஒரு கற்றல் முறையாக இருந்தது என்பது அவர் வாதம். அதை ஏற்கலாம். ஆனால் அந்தத் திண்ணைக்கு எல்லோரும் வந்துவிட முடியவில்லை என்பதையும் அதே வரலாறு சொல்கிறது. நம் கல்லூரிகளின் பெருமை அங்கேதான் இருக்கிறது, பாடத்திட்டத்தில் இல்லை. நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. 2011இலிருந்து அரசு மடிக்கணினிகளைக் கொடுத்தது. பருத்திக் காட்டிலிருந்தும் தீப்பெட்டித் தொழிற்கூடத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள்.

அவர்கள் முட்டி நின்றது கணக்கில் அன்று. 'இஃப்' என்ற ஒற்றைச் சொல்லில். நம் மொழியில் நிபந்தனை வினையின் கடைசியில் வந்து ஒட்டும்: மழை பெய்தால், எண் பெரிதானால். ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கும். தமிழில் யோசித்து இந்த வரிசையில் எழுதுபவன் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஒரு மொழிபெயர்ப்பைச் செய்கிறான். இதைப் பொருட்படுத்தியவர் எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை. 2009இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதில் நிபந்தனை முதலில் அடைப்புக்குள் வரும். 'ஆனால்' என்ற சொல் பின்னால் வரும். அச்சிடு என்பதற்குப் 'பதிப்பி'. கட்டளைத் தொகுதி முடியுமிடத்தில் 'முடி'. ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கி அதே இடத்தில் உட்கார்த்தியிருந்தால் அது அகராதி வேலையாக முடிந்திருக்கும். சொல்லின் இடத்தையே மாற்றியது இலக்கண வேலை. எழில் கல்லூரிப் பாடமாகவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலிலும் இயந்திரவியலிலும் தமிழ்வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியபோதுகூட, நிரலின் சொற்கள் ஆங்கிலமாகவே இருந்தன. வேலைச்சந்தையை எண்ணினால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் மாதத்தில் மட்டுமாவது, தருக்கம் வேறு, ஆங்கிலம் வேறு என்று பிரித்துக் காட்ட எழில் போன்ற ஒன்று பயன்பட்டிருக்கும் என்பது நம் எண்ணம்.

கிருஷ்ணன்கோவில் வளாகம் 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கத் தொடங்கியது. செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த மாணவர்களுக்கென்றே கணினிப் பொறியியலில் தனிப் பட்டப்படிப்பு அங்கே நடத்தப்பட்டிருக்கிறது. அந்த மாணவர்களுக்குச் சைகைதான் முதல் மொழி. தமிழும் இரண்டாவது, ஆங்கிலமும் இரண்டாவது. இஃப் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற நம் விவாதம் அவர்கள் முன்னால் கொஞ்சம் சிறியதாகத்தான் தெரிகிறது.

ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013இல் வந்தது. நூற்பாலையிலும் சிமெண்டிலும் வளர்ந்த ராம்கோ குழுமம், தொண்ணூறுகளிலேயே 'மார்ஷல்' என்ற பெயரில் நிறுவன மேலாண்மை மென்பொருளைச் சென்னையில் உருவாக்கி விற்றது. ஆனால் அந்த ஊரிலேயே பொறியியல் வகுப்பு தொடங்க இத்தனை காலமானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய 2008ஆம் ஆண்டுப் பாடத்தில் கணினியின் தலைமுறைகள், இணையம், கடிதம் தயாரிப்பது, விரிதாளில் கூட்டல் என்று பாதிப் பருவம் கழியும்; சி மொழி பின்பாதியில்தான் தலைகாட்டும். 2013இல் கோட்பாட்டுத் தாளிலிருந்து அலுவலக வேலைகள் விலக்கப்பட்டன. 2017இல் பெரிய மாற்றம்: சி மொழியின் இடத்தில் பைத்தான். கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழி. பாடத்தின் பெயரிலேயே 'சிக்கல் தீர்த்தல்' முன்னால் வந்தது, மொழி பின்னால் போனது. 2021 ஒழுங்குமுறையிலும் அதுவே தொடர்ந்தது.

அந்தப் பாடத்திட்டத்தைப் படித்தபோது நமக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. முதல் அலகில் மொழியே இல்லை. வரிசையாக அடுக்கிய சீட்டுகளில் புதிய சீட்டு ஒன்றைச் செருகுவது, ஒருவர் மனத்தில் நினைத்த எண்ணை ஊகிப்பது, ஹனோய் கோபுரம். செருகலாட்டத்தைக் கல்யாண வீட்டுச் சீட்டுக் கச்சேரியில் பார்க்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? ஹனோய் கோபுரம் பிரெஞ்சுக் கணிதர் எட்வர்ட் லூக்கா 1883இல் வெளியிட்ட புதிர். அதற்கு அவர் காசிக் கோயிலில் அறுபத்து நான்கு பொன் தட்டுகள் என்று ஒரு கதையும் கட்டிவிட்டார். மூன்று தட்டுகளுக்கு ஏழு நகர்த்தல்கள் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தின் பதினொரு நிலைகளையும் அவ்விதமே பெயர்த்து அடுக்க நினைத்தால் 2047 முறை தூக்கிவைக்க வேண்டும். அறுபத்து நான்குக்கு யுகம் போதாது.

உள்ளூரிலேயே இதைவிட நல்ல தொடக்கம் ஒன்று இருந்தது. கோலம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலங்களை உருவாக்கும் முறையான இலக்கண விதிகளைப் பற்றிய கட்டுரையை 1974இல் உலக ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். வாசலில் புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் பெண், ஒரு சிறு அலகைத் திருப்பித் திருப்பி இட்டுப் பெரிய கோலத்தைக் கட்டும் விதிகளைக் கையில் வைத்திருக்கிறாள் என்று கணினியியலின் மொழியில் நிறுவினார்கள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியைத் தொடங்குவதே தை மாதத்தில் தரை விளக்கி, நுண்மணலால் தெருவை அலங்கரிக்கும் காட்சியோடுதான். அந்த ஊருக்குப் பக்கத்தில் சுழற்சிக் கட்டளையைக் கற்பிப்பவர்கள் மாணவிகளிடம் ஒரு கோலத்தைப் போடச் சொல்லித் தொடங்கியிருக்கலாம். தொடங்கியவர்கள் இருக்கவும் கூடும்.

நம் நண்பரின் அக்கா மகள் சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பக்கத்தில் முதலாண்டில் சேர்ந்தாள். மாமா அரியர் வைத்த கதை வீட்டில் பிரசித்தம் என்பதால் அவளுக்குப் பயம் அதிகம். செய்முறைப் பட்டியலில் ஒரு பயிற்சி, கோப்பிலுள்ள உரையைப் படித்து அதில் அடிக்கடி வரும் சொற்களைக் கண்டறிவது. ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அவள் முடித்துவிட்டு, சும்மா இருக்காமல், திருப்பாவை உரையைக் கோப்பில் போட்டு ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. 'எம்பாவாய்' எதிர்பார்த்த இடத்தில் வந்து நின்றது. உற்சாகத்தில் சொற்களின் நீளத்தையும் எண்ணச் சொன்னாள். 'ஆண்டாள்' என்பதற்குக் கணினி ஏழு என்றது.

மாமாவுக்கு இரவு தொலைபேசி. "மாமா, என் புரோகிராம் தப்பா, கம்ப்யூட்டர் தப்பா?"

தவறு எங்கேயும் இல்லை. ஒருங்குறியில் தமிழெழுத்து உடைத்து வைக்கப்பட்டிருக்கிறது: ஆ, ண, புள்ளி, ட, கால், ள, புள்ளி. ஆக ஏழு. இந்திய எழுத்துகளுக்கு எண்பதுகளில் வகுத்த குறியேற்றத்தின் வழியே 1991இல் வந்த ஏற்பாடு இது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே இடம் தரும் 'டேஸ்' குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது; உலகம் ஒருங்குறியோடு போய்விட்டது. தொல்காப்பியர் கணக்கில் ஆ, ண், டா, ள் என்று நான்குதான். நண்பர் இதை விளக்கினார். புள்ளியும் காலும் கொம்பும் தனி எழுத்துகள் அல்ல, முன்னால் இருப்பதோடு சேர்பவை என்று சொன்னார். அவள் அரை மணி நேரத்தில் எட்டு வரிகளில் ஒரு சிறு செயற்கூறு எழுதி அனுப்பினாள். ஒவ்வொரு குறியையும் பார்க்கும். அது சார்பெழுத்தாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டாது. ராஜபாளையம் பத்திலிருந்து ஆறானது. ஸ்ரீவில்லிபுத்தூர் பதினெட்டிலிருந்து ஒன்பதானது.

"ஸ்ரீ ஒண்ணா ரெண்டா மாமா?" என்று மறுபடியும் செய்தி வந்தது. நண்பர் எங்களுக்கு அதை அனுப்பி வைத்தார். எங்களில் இருவர் ஒன்று என்கிறோம், ஒருவர் இரண்டு என்கிறார். அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.